கா.மு. ஷெரீபின் மறுபாதி எங்கே?

கவி கா.மு. ஷெரீபைப் பற்றி நம் வட்டாரத்தில் எழுதப்படும் கட்டுரைகளுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. முதற் பத்தியில் பிறப்பு: 1914 ஆகஸ்ட் 11, தஞ்சைத் தரணியின் அபிவிருத்தீஸ்வரம். இரண்டாவதில் சீறாப்புராண உரை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பாடிய கவிதைகள், மார்க்க மேடைச் சொற்பொழிவுகள். மூன்றாவதில், சில திரைப்படங்களுக்கும் பாட்டு எழுதினார் என்று ஒரு வரி. கடைசிப் பத்தியில் 1994 ஜூலை 7 இல் வபாத்; அன்னாரின் மறுமை வாழ்வுக்கு ஒரு துஆ. அந்த துஆவுக்கு நானும் ஆமீன் சொல்கிறேன். என் வழக்கெல்லாம் மூன்றாம் பத்தியின் அந்த ஒற்றை வரியோடுதான்.

‘சில’ என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். 1950 இல் வந்த ‘மந்திரி குமாரி’யில் மருதகாசியோடு சேர்ந்து பாட்டு எழுதியவர் ஷெரீப். 1955 இல் ‘டவுன் பஸ்’, 1956 இல் ‘நான் பெற்ற செல்வம்’, 1957 இல் ‘முதலாளி’, 1958 இல் ‘அன்னையின் ஆணை’, 1961 இல் ‘பணம் பந்தியிலே’. கைவிரலில் எண்ணக்கூடியவற்றை மட்டுமே சொன்னேன். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் தொடங்கி, தமிழ்த் திரைப்பாட்டு தன் பேச்சு மொழியைக் கண்டெடுத்த அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் நடுவில் நின்ற மனிதர் அவர். கருணாநிதியை மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அறிமுகம் செய்து வைத்தவரும் அவரே என்பது திரையுலகம் அறிந்த வரலாறு. இவ்வளவையும் ‘சில’ என்ற இரண்டெழுத்துக்குள் மடித்து வைக்கும் கைத்திறன் நமக்கு மட்டுமே வாய்த்தது.

‘மந்திரி குமாரி’யைச் சற்று நின்று பாருங்கள். கதை, பௌத்தக் காப்பியமான குண்டலகேசியின் வழி வந்தது. வசனம் எழுதியவர் கடவுள் மறுப்பாளர். இயக்கியவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். பாட்டு எழுதியவர்களில் ஒருவர் ஐந்து நேரத் தொழுகையில் வளர்ந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. தமிழ் என்பது எவ்வளவு பெரிய முற்றம் என்பதற்கு இதைவிட ஓர் அத்தாட்சி வேண்டுமா? அந்த முற்றத்தில் நம்மவர் ஒருவர் எவருடைய அனுமதியும் கேளாமல், எவருக்கும் கும்பிடு போடாமல், சம உரிமையோடு உட்கார்ந்திருந்தார். நாம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, வீட்டின் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அக்காலத் திரையில் பெயரை மாற்றிக்கொண்ட முஸ்லிம்கள் உண்டு. ‘நாடோடி மன்னன்’ படத்துக்குக் கண்ணதாசனோடு வசனம் எழுதிய ரவீந்தர் நாகூர்க்காரர். பிறப்புப் பெயர் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டது. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. தொழிலின் நெருக்கடி தொழில் செய்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் ஷெரீப், ஷெரீபாகவே திரையில் நின்றார். கொட்டகையின் இருட்டில் ஆயிரம் பேர் வாசித்த பெயர் அது. சமூகம் தன் பிள்ளை பெயரை மறைக்காததற்குப் பெருமைப்பட வேண்டும். நாமோ அவர் மறைக்காத பெயரின் கீழிருந்த வேலையை மறைக்கிறோம்.

மறைப்பவர்கள் மூன்று வகையினர். மூவருக்கும் காரணம் வேறு வேறு; கத்தரிக்கோல் ஒன்றே.

முதல் வகையினர் மார்க்கப் பற்றின் பெயரால் வெட்டுகிறவர்கள். இசை கூடுமா, சினிமா கூடுமா என்ற கேள்விகளை உலமாக்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். அந்த விவாதத்தில் தலையிட எனக்குத் தகுதியில்லை, ஆசையும் இல்லை. நான் கேட்பது இதுதான்: இலக்கிய வரலாறு எழுதுவது பத்வா கொடுப்பதா? ஒருவர் என்ன எழுதினார் என்று பதிவு செய்வதும், அது கூடுமா என்று தீர்ப்பளிப்பதும் இரண்டு வேலைகள். இரண்டாவது வேலையைச் செய்பவர்கள் முதலாவதில் கைவைத்தால் வரலாறு பொய்யாகிவிடும். பொய்யும் மார்க்கத்தில் கூடாததுதான்.

இவர்கள் எழுப்பும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ‘அன்னையின் ஆணை’யில் தாயைத் தெய்வத்தோடு வைத்துப் பேசும் பாட்டு ஷெரீப் எழுதியது. ஒரு முஃமின் இப்படி எழுதலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானது, பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும்.

திரைப்பாட்டு எழுதுகிறவன் நாடகாசிரியன். அவன் தன் வாயால் பேசுவதில்லை. ஒரு பாத்திரத்தின் வாயால் பேசுகிறான். யார் பாடுகிறான், என்ன நிலையில் பாடுகிறான், எதிரே நிற்பவர் யார் என்று பார்த்து அந்த மனிதனுக்குரிய சொல்லைத் தேடித் தருவது அவன் தொழில். படத்தில் தாயை நினைந்து உருகுகிற மகன் எந்தச் சமயத்தானோ அந்தச் சமயத்துச் சொல்லில்தான் உருகுவான். இது புதிய நியாயமுமல்ல. உமறுப்புலவர் 5,027 விருத்தங்களில் சீறாவைப் பாடினார். அதில் அபூஜஹ்லுக்கும் வாய் உண்டு. அவன் சபையில் பேசுகிறான், சதி செய்கிறான், நபியவர்களைப் பழிக்கிறான். அந்தச் சொற்களை அவன் வாயில் வைத்தவர் உமறு. அவற்றை உமறுவின் அகீதா என்று எவராவது சொன்னதுண்டா? வண்ணக்களஞ்சியப் புலவர் ‘இராஜநாயக’த்தையும் ‘குத்பு நாயக’த்தையும் பாடிய அதே எழுத்தாணியால் ‘அலிபாதுஷா நாடக’த்தையும் எழுதினார். காப்பியப் புலவருக்கு நாடகம் இழுக்காகத் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாசலில் இருந்த மனவிரிவு நமக்கு இல்லாமற் போனது எப்போது?

சுவர்க்கம் தாயின் காலடியில் இருக்கிறது என்ற வாசகத்தைக் கேட்டு வளர்ந்த ஒருவர்தான் அந்தத் தாய்ப் பாட்டை எழுதினார் என்பதையும் யோசியுங்கள். வீட்டில் கேட்டது கொட்டகையில் வேறு உடுப்பில் வெளியே வந்தது. கேட்டு அழுதவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். இதை தஃவா என்று பெருமைப்படச் சொல்லவில்லை. மனிதர்களுக்குப் பொதுவான ஒரு நல்ல உணர்வை நல்ல தமிழில் சொன்னார், அது போதும்.

இரண்டாம் வகையினர் இலக்கியத்தின் பெயரால் வெட்டுகிறவர்கள். இவர்கள் நம் சஞ்சிகைகளிலேயே இருக்கிறார்கள். மெட்டுக்கு எழுதுவது கவிதையா, காசுக்கு எழுதுவது இலக்கியமா என்று கேட்பார்கள். உடனே கவிக்கோ அப்துல் ரகுமானை இழுத்து வருவார்கள். சினிமாவுக்கு எழுத அழைத்தபோது, அம்மி கொத்தச் சிற்பி எதற்கு என்ற பொருள்படக் கவிக்கோ மறுத்தது எல்லோரும் அறிந்ததே. அது அவருடைய தெரிவு, மதிக்கிறேன். ஆனால் ஒருவர் தமக்காகப் போட்டுக்கொண்ட வேலியை ஊருக்கே எல்லையாக்க முடியாது. மு. மேத்தா சினிமாவுக்கும் எழுதினார். 2006 இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். அவர் கவிதை அதனால் தேய்ந்து போகவில்லை.

அம்மியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெமோதரையிலும் ஹாலிஎலயிலும் மலைச்சரிவுகளில் லயங்கள் இருக்கின்றன. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். அந்தக் காம்பராக்களில் சிற்பத்துக்கு இடமில்லை, அம்மிக்கு இருந்தது. காலையில் பெரட்டுக்குப் போய், நாளெல்லாம் கொழுந்து எடுத்து, மாலையில் திரும்பிய மக்களுக்கு இலங்கை வானொலி கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் கொத்திய அம்மிகள்தான். ‘முதலாளி’யில் ஏரிக்கரையில் போகும் பெண்ணைப் பார்த்து நாயகன் பாடும் பாட்டை, ஏரியையே பார்த்திராத மலைக்காட்டு மக்கள் தங்கள் பாட்டாக ஏற்றுக்கொண்டார்கள். ‘நான் பெற்ற செல்வ’த்தில், மனிதன் உயர்ந்தாலும் விழுந்தாலும் ஊர் வாய் அடங்காது என்ற கசப்பைப் பாடியபோது, அது தோட்டத்து மனிதனின் சொந்தக் கசப்பாயிற்று. ‘பணம் பந்தியிலே’ என்ற பழமொழிக்கு உரை எழுதியதுபோல் அமைந்த பாட்டு, பற்றுக் கொப்பியில் கடன் ஏறிய ஒவ்வொருவருக்கும் விளங்கியது. பஸார்க் கடையில் அந்தக் கொப்பியை எழுதியவர் பலவேளை நம்மவர். பாட்டை எழுதியவரும் நம்மவர். இந்த முரண் நம் விமர்சகர் எவருக்கும் இதுவரை கட்டுரைப் பொருளாகத் தோன்றவில்லை. தோன்றாது, பாட்டை இலக்கியமாகக் கருதினால்தானே தோன்றும்?

மெட்டுக்கு எழுதுவது தாழ்வு என்பவர்களுக்கு நம் மரபிலிருந்தே ஒரு பதில். காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபியவர்கள் மீது திருப்புகழ் பாடினார். அருணகிரிநாதரின் சந்தத்தை எடுத்து, அதன் குழிகளில் பிசகாமல் தம் சொற்களை நிரப்பினார். முருகனைப் பாடப் பிறந்த சந்தம் நபியைப் பாடியது. அதை இஸ்லாமியத் தமிழின் மகுடங்களில் ஒன்றென்று மாநாடு கூட்டிப் போற்றுகிறோம். ஏற்கெனவே இருக்கும் ஓசைக்குச் சொல் வைப்பது காசிம் புலவருக்குச் சாதனை என்றால், கே.வி. மகாதேவன் போட்ட மெட்டுக்குச் சொல் வைப்பது ஷெரீபுக்கு மட்டும் எப்படிக் கூலி வேலையாகும்? குறுகிய இடத்தில், எழுத்துக் கணக்குக்குள், கல்லாதவனும் ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொள்ளும்படி சொல் வைத்துப் பாருங்கள். புதுக்கவிதை என்ற பெயரில் நாம் வரி வரியாக உடைத்துப் போடும் உரைநடையைவிட அது கடினமா இல்லையா என்று தெரியும்.

மற்ற மொழிக்காரர்கள் இந்த விடயத்தில் எப்படி நடந்துகொண்டார்கள்? தெலுங்கில் ஆத்ரேயா (1921–1989) மேடை நாடகங்களால் பெயர் பெற்று, பின்பு திரைப்பாட்டுக்குப் போனவர். தெலுங்கர் அவரை இரண்டாகப் பிளக்கவில்லை. ‘என்.ஜி.ஓ.’ நாடகம் எழுதியவரும் காதல் பாட்டு எழுதியவரும் அவர்களுக்கு ஒரே ஆத்ரேயாதான். உருதுவைப் பாருங்கள். சாஹிர் லுதியான்வி, மஜ்ரூஹ் சுல்தான்பூரி, கைஃபி ஆஸ்மி, ஷகீல் பதாயூனி என எத்தனை பேர்! இவர்கள் முஷாயிராவில் கஸல் வாசித்துவிட்டு ஸ்டூடியோவில் பாட்டு எழுதினார்கள். முற்போக்கு எழுத்தாளர் இயக்கம் அதற்காக எவரையும் துரத்தவில்லை. 1952 இல் வந்த ‘பைஜு பாவ்ரா’வின் பக்திப் பாடலை எழுதியவர் ஷகீல், இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் முஹம்மது ரஃபி, மூவரும் முஸ்லிம்கள். உருது இலக்கிய உலகம் ஷகீலைத் தன் கவிஞர் பட்டியலிலிருந்து எடுத்துவிடவில்லை. மஜ்ரூஹுக்குத் திரைப்பாட்டுக்காகவே தாதாசாகிப் பால்கே விருது கிடைத்தபோது அது உருதுக் கவிதைக்குக் கிடைத்த கௌரவமாகவும் கொண்டாடப்பட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? வெசாக் காலத்தில் பதுளை வீதிகளில் இறங்கி நடந்தால் காதில் விழும் பௌத்த பக்திப் பாடல்களில் மொஹிதீன் பேக்கின் குரல் இருக்கும். 1919 இல் சேலத்தில் பிறந்து, இலங்கைக்கு வந்து, 1991 இல் மறைந்த முஸ்லிம் அவர். சிங்களவர் அவரைத் தங்கள் இசையின் தூண்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். நம்மவர்களோ சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்க்கிறோம். சேலம் தந்த பேக்கும் சேலத்தில் பாட்டெழுதிய ஷெரீபும் நம் கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள்: வராக் கடன் என்ற தலைப்பின் கீழ்.

மூன்றாம் வகையினர் வெட்டுவது தெரியாது. ஏனென்றால் அவர்கள் பூமாலையோடு வருகிறார்கள். இவர்களுக்கு ஷெரீப் என்றால் மத நல்லிணக்கத்தின் சின்னம். முஸ்லிமாய் இருந்தும் இந்துக் கதைகளுக்குப் பாட்டு எழுதினார், முஸ்லிமாய் இருந்தும் பாரதக் கதையின் மீனவப் பெண்ணை ‘மச்சகந்தி’ என்று காவியமாக்கினார் என்று புகழ்வார்கள். அந்த ‘இருந்தும்’ என்ற சொல் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. கண்ணதாசன் ‘இயேசு காவியம்’ பாடினார். இந்துவாய் இருந்தும் பாடினார் என்று எவரும் வியக்கவில்லை. கவிஞர் பாடினார், அவ்வளவுதான். ஷெரீபுக்கு மட்டும் ஏன் நற்சாட்சிப் பத்திரம்? தமிழில் எழுதும் எவருக்கும் பாரதக் கதை பொதுச்சொத்து. பொதுச்சொத்தை எடுத்தாண்டவனைப் பார்த்து, எவ்வளவு பெருந்தன்மை என்று சொல்வது, அது அவனுடையதல்ல என்று பணிவாகச் சொல்வதாகும். இந்தப் புகழ்ச்சியைக் கேட்டு நம் மேடைகளில் கைதட்டுகிறவர்கள் தாங்கள் எதற்குக் கைதட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

இந்த மூன்றாம் வகையினரும் நம்மவர் சிலரும் சேர்ந்து நடத்தும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1965 இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் சிவனே வந்து பாடுவதாக அமைந்த அந்தப் புகழ்பெற்ற பாட்டு உண்மையில் ஷெரீப் எழுதியது என்றொரு வாதம் நெடுங்காலமாக உலவுகிறது. படத்தில் இருப்பது கண்ணதாசன் பெயர். ‘நான் பெற்ற செல்வ’த்தின் கதை வசனம் ஏ.பி. நாகராஜனுடையது, ‘திருவிளையாடலை’ இயக்கியவரும் அவரே, நாகராஜனும் ஷெரீபும் தமிழரசுக் கழகத் தோழர்கள். ஆகவே வாதத்துக்கு ஒரு பின்னணி இல்லாமலில்லை. அதை ஆய்வாளர்கள் தீர்க்கட்டும். என் கேள்வி வேறு. ஷெரீபின் பெயர் ஐயத்துக்கு இடமின்றிப் பொறிக்கப்பட்ட பாடல்களில் இரண்டைப் பற்றியாவது நாம் நாலு பக்கம் எழுதியிருக்கிறோமா? ‘டவுன் பஸ்’ பாட்டின் சொல்லமைதியைப் பற்றி? ‘முதலாளி’யின் நாட்டுப்புற ஓசையைப் பற்றி? இல்லை. கையில் இருக்கும் தோட்டத்தைக் காடாக விட்டுவிட்டு, பக்கத்துக் காணியின் வேலிக்காக வழக்காடுகிறோம். வழக்கில் வென்றாலும் அந்தக் காணியிலும் நாம் விதைக்கப் போவதில்லை.

இனி நம் நாட்டு ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஷெரீப் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் முன்வரிசையில் நின்றவர். ‘ஒளி’, ‘தமிழ் முழக்கம்’, ‘சாட்டை’ என்று பத்திரிகை நடத்தி மொழிக்காக எழுதியவர். தம்மைத் தமிழர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. இது தமிழ்நாட்டுக் கதை, இங்கே எடுபடாது என்பார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு சமூகமே விரட்டப்பட்ட பிறகு, தமிழின் பெயரால் பேசுவதற்கு நமக்கென்ன கிடக்கிறது என்று கேட்பார்கள். அந்தக் காயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உடுத்த துணியோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் அகதி என்ற பெயரோடு வளர்ந்தார்கள். நாம் தனியான ஒரு சமூகம் என்ற அரசியலுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் விரட்டியவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள், மொழியைக் கொண்டுவரவில்லை. தமிழ் அவர்களுடைய ஆதனமல்ல. சித்திலெப்பை 1882 இல் ‘முஸ்லிம் நேசனை’த் தொடங்கியபோதும், 1885 இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதியபோதும் எவரிடமும் தமிழை இரவல் வாங்கவில்லை. நம்மை அரசியலில் தனிச்சமூகம் என்று சொல்லிக்கொண்டே மொழியில் முழு உரித்தாளியாக இருக்க முடியும். அதற்கு ஷெரீபைவிட நல்ல முன்மாதிரி யார்? ‘பல்கீசு நாச்சியார் காவிய’மும் ‘மச்சகந்தி’யும் ஒரே கையால் எழுதப்பட்டவை. ஒன்று எழுதும்போது மற்றொன்றுக்கு மன்னிப்புக் கேட்டவரல்லர் அவர்.

இதில் என்ன அவசரம் என்று கேட்கலாம். நான் ஊவாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன். என் கண்முன் நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் பகுதிகளில் முஸ்லிம் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பிள்ளைகளைச் சிங்கள மொழிமூலத்துக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றுகின்றன. காரணம் கேட்டால் தொழில் என்கிறார்கள். எல்லயில் உல்லாசப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் ஊரில் இது புரிந்துகொள்ளக்கூடியதே. பெற்றோரைக் கடிந்துகொள்ள எனக்கு நாவில்லை. சிங்களமும் ஆங்கிலமும் கற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எதுவாக மிஞ்சுகிறது? உம்மும்மாவோடு பேசும் மொழி, குத்பாவில் கேட்கும் மொழி, மதரஸாப் புத்தகத்தின் மொழி. சிரிப்புக்கும் காதலுக்கும் கோபத்துக்கும் பகிடிக்கும் வேறு மொழி. மார்க்கத்துக்கு மட்டும் தமிழ் என்று ஒதுக்கிவிட்டால், மார்க்க நூல்களும் சிங்களத்தில் வந்துகொண்டிருக்கும் இந்நாளில், அந்தக் கடைசி ஒதுக்கீடும் நெடுநாள் நிற்காது.

நம் இலக்கியவாதிகள் செய்திருப்பதும் இதே ஒதுக்கீடுதான். பேராசிரியர் ம.மு. உவைஸ் 1953 இல் முஸ்லிம்களின் தமிழ்த்தொண்டைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது, இப்படியொரு இலக்கியம் இருக்கிறது என்பதையே உலகுக்கு நிறுவ வேண்டியிருந்தது. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தேடித் தேடிப் பட்டியலிட்டார். அந்தக் காலத்துக்கு அது பெருந்தொண்டு. அவருக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். அவர் கதவைத் திறந்தார். பின்னால் வந்த நாம், அந்தக் கதவின் அகலமே வீட்டின் அகலம் என்று முடிவு செய்துவிட்டோம். பொருளால் இஸ்லாமியமானதே இஸ்லாமிய இலக்கியம். அதுவே முஸ்லிம் எழுத்து. மற்றதெல்லாம் கணக்கில் வராது. இந்த அளவுகோலை நீட்டினால் ஷெரீபின் ஏரிக்கரை வெளியே போகும், ‘மச்சகந்தி’ வெளியே போகும், அவர் எழுதிய நாடகமும் சிறுகதையும் வெளியே போகும். ஒரு முஸ்லிம் தன் மார்க்கத்தைப் பற்றிப் பேசாத நேரத்தில் அவனுக்கு வாழ்க்கையே இல்லையா? மழையைப் பார்த்ததில்லையா, காதலித்ததில்லையா, கடன்பட்டதில்லையா? அவற்றைச் சொன்ன தமிழ் நம் தமிழ் இல்லையென்றால், நம் பிள்ளை அந்தத் தமிழை எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்?

ஆகவே பேச்சோடு நில்லாமல் சில காரியங்களைக் கேட்கிறேன். ஷெரீபின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது; பதிப்பிக்க உரிமைத் தடையில்லை. ஆண்டுதோறும் மீலாத் மலருக்கும் பொன்னாடைக்கும் பணம் திரட்டும் நம் அமைப்புகளில் ஒன்று, அவருடைய ‘மச்சகந்தி’யையும் திரைப்பாடல்களின் தொகுப்பையும் நல்ல முன்னுரைகளோடு இங்கே அச்சிடட்டும். சீறா உரையையும் அச்சிடுங்கள். பக்கத்தில் இவற்றையும் வையுங்கள். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளில் திரைப்பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஓர் அரங்கு ஒதுக்கப்படட்டும். அதில் ஷெரீபோடு ரவீந்தரும் பேசப்படட்டும். உலமாக்களையும் அந்த அரங்குக்கு அழையுங்கள். அவர்கள் மறுப்புரையும் பதிவாகட்டும். மறுக்கப்படுவது மறக்கப்படுவதைவிட மேலானது. ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் அணியும் யாப்பும் கற்பிக்கும்போது, பிள்ளைகளின் பெற்றோர் வாயில் இன்னும் இருக்கும் ஒரு ஷெரீப் பாட்டை எடுத்துச் சொல்வோம். எதுகை எங்கே விழுகிறது, ஏன் அந்தச் சொல் அங்கே நிற்கிறது என்று காட்டுவோம். எழுதியவர் பெயரையும் சொல்வோம். தோட்டத்துப் பிள்ளையும் பஸார்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து கேட்கட்டும்.

கடைசியாக, கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வாய்பாட்டைக் கைவிடுங்கள். மூன்றாம் பத்தியின் அந்த ஒற்றை வரியை எழுதுவதற்கு முன், படங்களின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ண மனமில்லையென்றால் கட்டுரையே வேண்டாம். பாதி மனிதருக்கு முழு மாலை போடுவதைவிட, மாலை போடாமல் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. ஷெரீப் தம் பெயரை எங்கும் ஒளித்ததில்லை. அவர் வேலையை ஒளிக்கும் உரிமையை அவர் எவருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போகவுமில்லை.